அவுரிக் கிட்டங்கிக்கு ஆராய்ச்சி வந்த கதை

எழுதிப் பழக்கமில்லாதவள் எழுதுவது இது. அஞ்சாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோச்சு. அதற்கப்புறம் பேனாவைத் தொட்டது கையெழுத்துப் போடத்தான். வரி கோணலாகப் போகும். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் நிற்பேன். பாதி மறந்தும்விட்டது. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்கிற வழக்கமும் எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

எதிர்வீட்டுப் பெண் காலேஜில் பாடம் நடத்துகிறாள். ஐரோப்பாக்காரர்களின் பொருளாதாரக் கொள்கை, உலக வியாபாரம் என்று ஏதோ ஆராய்ச்சியும் பண்ணுகிறாள். ஒருநாள் காப்பி குடித்துக்கொண்டே சொன்னாள்: "ஆச்சி, இந்தக் காப்பிக்கொட்டை இருக்குல்லா, பச்சையா அனுப்பினா அங்க வரி கிடையாது. அதையே வறுத்து அனுப்பினா வரி போட்டுருவாங்க. நாம வேலை செஞ்சு அனுப்பக் கூடாது, அந்த வேலை அவங்க ஊர்லதான் நடக்கணும், அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. இப்ப இதைத்தான் நாங்க எல்லாரும் ஆராய்ச்சி பண்ணுதோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்கவா இத்தனை படிப்பு? இத்தனை வருஷமாக ஆராய்ந்து ஆராய்ந்து இங்கனயேதான் நிற்கிறார்களா? எனக்கு இது கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரியும். இந்த ஆராய்ச்சி தொப்பி போட்டுக்கொண்டு எங்கள் கிட்டங்கிக்குள்ளேயே வந்து நின்றது. அதைச் சொன்னதும், "எழுதிக் குடுங்க ஆச்சி" என்று தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

அப்போது தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டி வரிசையாகச் சரக்கு அடைத்துவைக்கிற கிட்டங்கிகள் இருந்தன. பஞ்சு ஒன்றில், கருவாடு ஒன்றில், கருப்பட்டி ஒன்றில். நான் வேலை பார்த்தது அவுரி இலைக் கிட்டங்கியில். அவுரி என்றால் சாயம் எடுக்கிற அவுரி இல்லை, பேதிக்குக் குடிக்கிற இலை. மேற்கே இருந்து காய்ந்த இலை வண்டி வண்டியாக வந்து இறங்கும். பெண்கள் நாங்கள் தரையில் உட்கார்ந்து சுளவில், முறத்தை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம், போட்டுப் புடைப்போம். காம்பைப் பொறுக்கி, காயைத் தனியாக எடுத்து, பெரிய இலை, நடுத்தரம், சின்னது, உடைசல் என்று பிரித்துப் போடுவோம். ஆம்பளைகள் அதை அழுத்திச் சிப்பமாகக் கட்டுவார்கள். கப்பல் அந்தக் காலத்தில் கரைக்கு வராது, எட்டத்தில் கடலுக்குள்ளேயே நிற்கும். சிப்பத்தைத் தோணியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கப்பலில் போடுவார்கள். அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போகும்.

உலகத்தையே கட்டி ஆண்டவர்களுக்குக் காலையில் வயிறு இளக எங்கள் ஊர் இலை வேண்டியிருந்தது. ஒருத்தன் தலையில் ஒருத்தன் குண்டைப் போட்டு முடித்த கையோடு, இலை அனுப்பு, இலை அனுப்பு என்று தந்தி மேல் தந்தி வந்தது. இங்கே நாங்கள் ரேஷன் கடையில் போட்ட புழுத்த சோளத்தைத் தின்றுகொண்டிருந்தோம். எங்களுக்கு வயிறு இளகத் தனியாக மருந்து வேண்டியிருக்கவில்லை.

கிட்டங்கியில் என் பக்கத்தில் உட்காருகிறவள் என் அக்கா. எங்களுக்கு அப்பா இல்லை. அம்மாவுக்கு எழுந்து நடமாட முடியாது. அக்காதான் குடும்பத்துக்கு எல்லாம். அவள் முன்னால் உப்பளத்தில் வேலை பார்த்தவள். வெயில் உப்பில் பட்டு முகத்தில் திருப்பி அடிக்கும், அந்த வெளிச்சத்தில் அவள் கண் கெட்டுவிட்டது. எந்நேரமும் சிவந்து நீர் வடியும். இனி உப்பளத்துக்குப் போனால் பார்வையே போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எங்களைப் போன்ற பெண்களுக்கு ஊரில் இரண்டு வேலைதான் உண்டு. ஒன்று உப்பளம், இல்லாவிட்டால் இலைக் கிட்டங்கி. கிட்டங்கியில் நிழல் இருந்தது. இலையின் பெரிசு சிறிசு அவள் விரலுக்கே தெரியும், கண்ணைப் பாதி மூடிக்கொண்டே பிரிப்பாள். அந்த நிழல் போனால் அவள் கண் போச்சு. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டோம்.

முதலாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் ஒருத்தன் தெருமுனையில் திரும்பினாலே அவர் தோள்துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும். எங்களைக் கண்டால் தானாகவே தோளுக்கு ஏறிக்கொள்ளும். அந்தத் துண்டைப் பார்த்தே வெளியே யார் நிற்கிறார்கள் என்று நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம். இலை விற்றே மச்சு வீடு கட்டினார். ஆனால் ஒரு இலையைக் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை.

அங்கே இங்கிலீஷ் தெரிந்தவர் குமாஸ்தா ஒருத்தர்தான். நல்ல மனுஷன், ஆனால் முதலாளி முன்னால் அவருக்குத் தொண்டையிலிருந்து சத்தம் வராது. எங்களிடம் நன்றாகப் பேசுவார். சண்டை முடிந்து கப்பல் பழையபடி வரத் தொடங்கின காலம். ஒருநாள் அவர் உள்ளே வந்து, சுளவுகளை நிறுத்தச் சொன்னார்.

"ஏளா, எல்லாரும் கேட்டுக்கிடுங்க. நாளைக்கு ஒரு வெள்ளைக்காரன் வாரான். இங்கிலீஷ்காரன் இல்ல, அதுக்கு அங்கிட்டு ஏதோ ஒரு நாடு. சரக்கு வாங்க வரல, ஆராய்ச்சி பண்ண வாரான்."

எங்களோடு கடற்கரைத் தெருக்காரி ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவர். வாய்க்குப் பூட்டே கிடையாது அவளுக்கு. "எதை ஆராய்ச்சி பண்ண வாரானாம் அண்ணாச்சி? அவன் வயித்தையா?" என்றாள்.

"சிரிக்காத. அவங்க நாட்டுல கையில காசு இல்ல. வெளியூர்ச் சரக்கு எதுக்கு வரி போடலாம், எதைச் சும்மா விடலாம்னு புதுசாச் சட்டம் வருது. செடியில இருந்து பறிச்சபடி வந்தா கச்சாச் சரக்கு, வரி கிடையாது. கை வச்சுச் சீர் பண்ணின சரக்குன்னா வரி. அவுரி எதுல சேத்தின்னு இவன் பாத்து எழுதிக் குடுக்கப் போறான்."

"வரி போட்டா மொதலாளிக்குத்தானே நட்டம்? எங்களுக்கு என்னவாம்?"

"கோட்டிக்காரி! வரி போட்டா பிரிச்ச இலையை அங்க எவன் வாங்குவான்? பறிச்சபடியே அனுப்புன்னுதான் கேப்பான். பிரிக்கிற வேலையை அவன் ஊர்ல மெஷின்ல போட்டு முடிச்சுக்கிடுவான். அப்புறம் ஒங்களுக்கு இங்கன என்ன வேலை?"

அக்கா மடியிலிருந்த சுளவைக் கீழே வைத்துவிட்டாள்.

"மாதாவே!" என்று கடற்கரைத் தெருக்காரி சிலுவை போட்டுக்கொண்டாள். "அப்ப எங்க வீட்டு ஆம்பளை மூச்சைப் பிடிச்சு முங்கி எடுக்குத சங்கு? அது கை வச்ச சரக்கா, கை வைக்காத சரக்கா? கடலு தானா கொண்டாந்து கரையில வச்சுட்டுப் போகுதாக்கும்?"

"அதை அவன்ட்ட கேளு. இப்ப நான் சொல்லதைக் கேளுங்க. பிரிச்ச இலையெல்லாம் பின்னாடி கொண்டுபோய் மறைச்சுருங்க. வந்த இலை வந்தபடி குவிஞ்சு கிடக்கட்டும். அவன் கேட்டா, காய வைக்கோம், மூட்டை கட்டுதோம், அவ்வளவுதான்னு சொல்லுங்க."

அக்கா கேட்டாள்: "மொதலாளிட்ட சொல்லிட்டீயளா அண்ணாச்சி?"

"சொல்லணும்" என்றார் குமாஸ்தா. அந்தச் 'சொல்லணும்' என்றதிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது.

சாயந்திரம் முதலாளி வந்தார். குமாஸ்தா சொன்னது எங்கள் காதில் விழவில்லை. முதலாளி சொன்னது துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஏலே, ஒருத்தன் கப்பல் ஏறி என் கிட்டங்கியைப் பாக்க வாரான். அவன் முன்னால குப்பையைக் குவிச்சு வைக்கச் சொல்லுதியா? பொண்ணு பாக்க வாரவன் முன்னால பொண்ணுக்குக் கந்தலைக் கட்டி விடுவாங்களால?"

"மொதலாளி, வரி..."

"வரியும் கிரியும்! சரக்கைப் பாத்தான்னா அசந்து அங்கனயே ஆர்டர் குடுத்துருவான், பாரு."

அவன் வருகிறது சரக்கு வாங்க அல்ல என்று அவருக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறவில்லை. வெள்ளைத் தோல் என்றால் வாங்க வருகிறவன், அவ்வளவுதான் அவர் கண்ட உலக வியாபாரம். அதோடு நிறுத்தினாரா? எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பெண்வீட்டுச் சீரைப் பித்தளைத் தாம்பாளங்களில் அடுக்கி, தெருவே பார்க்கும்படி வரிசை வைப்பார்கள். அதே ஏற்பாட்டைச் செய்துவிட்டார் இந்த மனுஷன். வீட்டிலிருந்து தாம்பாளம் தாம்பாளமாக வந்து இறங்கியது. கிட்டங்கி நடுவில் வெள்ளை வேட்டி விரித்தார்கள். ஒவ்வொரு தாம்பாளத்திலும் ஒரே அளவு இலையாகப் பொறுக்கி, வெற்றிலை அடுக்குகிற மாதிரி நுனி ஒரு பக்கம் காம்பு ஒரு பக்கம் வைத்து அடுக்கச் சொன்னார். பேதி இலைக்கு நுனி என்ன, காம்பு என்ன? இல்லாத ரகமெல்லாம் அன்றைக்குப் பிறந்தது. விளக்கு வைத்தும் வெகுநேரம் நாங்கள் அடுக்கினோம். எங்கள் வேலைக்கு நாங்களே குழி தோண்டுகிறோம் என்று தெரிந்தே அடுக்கினோம். முதலாளி தலைமாட்டில் நிற்கும்போது என்ன செய்ய முடியும்?

"சீரு எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று கடற்கரைத் தெருக்காரி மெதுவாகச் சொன்னாள். "மாப்பிள்ளைக்குத்தான் வயித்துப்போக்கு."

மறுநாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வர உத்தரவு. துணிக்கும் கூப்பன் இருந்த காலம் அது, நல்ல சேலைக்கு எங்கே போக? ஆளுக்கொரு வீட்டில் இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு போனோம்.

வந்தான். ஒல்லியாக, பிடரி சிவந்து, சட்டையெல்லாம் வேர்வை. பூட்ஸ் தேய்ந்துபோயிருந்தது. அவன் வீட்டிலும் சோளம்தான் போலிருக்கிறது. முதலாளி ஓடிப்போய் மாலை போட்டார். போட்டதும் பன்னீர்ச் செம்பை எடுத்து உதறின உதறலில் அவன் மூக்குக்கண்ணாடியெல்லாம் பன்னீர். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு தாம்பாள வரிசையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். அப்புறம் குமாஸ்தாவிடம் என்னவோ கேட்டான். செடியிலிருந்தே இலை இப்படித்தான் வருமா என்று கேட்டானாம். குமாஸ்தா பாவம், தலையை ஆட்டுவதா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

முதலாளிக்கு இங்கிலீஷில் நாலைந்து சொல் தெரியும். "நோ! நோ!" என்று நடுவில் பாய்ந்தார். "ஹேண்ட் ஒர்க்! ஆல் ஹேண்ட் ஒர்க்!"

அவன் எழுதிக்கொண்டான். பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்து இலையைப் பார்த்தான், முகர்ந்தான், கடித்தும் பார்த்தான். பார்த்துவிட்டு நேராக எங்களிடம் வந்தான். நான் சாக்குமூட்டைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அக்கா முன்வரிசையில் இருந்தாள். நீர் வடிகிற அவள் கண்ணைப் பார்த்தானோ என்னவோ, அவள் முன்னால் வந்து நின்றான். நீ இங்கே என்ன வேலை செய்கிறாய் என்று குமாஸ்தாவை விட்டுக் கேட்டான்.

அக்கா சொன்னாள்: "நான் ஒண்ணும் செய்யலே. சும்மா உக்காந்திருக்கேன்."

கிட்டங்கியில் அவளைப்போல இலை பிரிக்கிறவள் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். அவள் வாயிலிருந்து இது வந்தது. குமாஸ்தா முகத்தில் சட்டென்று உயிர் வந்தது. அவசர அவசரமாக அதை இங்கிலீஷில் சொன்னார். வெள்ளைக்காரன் தாம்பாளத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான்.

"என்னளா சொன்ன?" என்றார் முதலாளி. "சும்மா இருக்கியா? சும்மா இருக்கதுக்கா நான் கூலி குடுக்கேன்? ஏளா, எடு சுளவை! தொரைக்குச் செஞ்சு காட்டு!"

அக்கா சுளவை எடுத்தாள். இலையை அள்ளிப் போட்டுத் தாறுமாறாக உதறினாள். காம்பு ஒரு பக்கம், இலை ஒரு பக்கம், காய் அந்த ஆளின் பூட்ஸ் மேல். பிரித்து வைத்ததையும் கலந்துவிட்டாள். எங்களுக்கெல்லாம் விளங்கிவிட்டது. கடற்கரைத் தெருக்காரி எழுந்தே நின்றுவிட்டாள்.

"அவளுக்குத் தெரியாது சாமி. எங்க யாருக்குமே ஒண்ணும் தெரியாது. இலையை வெயில்ல போடுவோம், காஞ்சா எடுப்போம். வேற ஒரு சங்கதியும் எங்களுக்குத் தெரியாது."

குமாஸ்தா அதையும் சொன்னார். அந்த நிமிஷம் நாங்கள் பிழைத்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் முதலாளிக்கு மானம் போய்விட்டதே! தொரை முன்னால் அவர் கிட்டங்கியில் ஒருத்திக்கும் வேலை தெரியாது என்றாகிவிட்டதே!

"எந்திரிளா!" என்று அக்காவைத் தள்ளிவிட்டு, பட்டு ஜிப்பாவோடு தானே தரையில் உட்கார்ந்தார். சுளவைப் பிடித்தார். அடுப்பில் தோசையைப் புரட்டுகிறவன் மாதிரி ஒரு வீசு வீசினார். இலை அவர் தலையில் வந்து விழுந்தது. தூசி மூக்கில் ஏறி ஒரு தும்மல். அவுரித் தூசி ஒரு தும்மலோடு விடாது. தும்முவார், ஒரு இலையை எடுத்துத் தூக்கிக் காட்டுவார், "ஹேண்ட் ஒர்க்" என்பார், மறுபடி தும்முவார். வெள்ளைக்காரன் சிரித்தான். பெட்டியிலிருந்து கேமராவை எடுத்து அந்தக் கோலத்தைப் படம் பிடித்தான். நாங்கள் ஒருத்தியும் சிரிக்கவில்லை.

அப்புறம் அவன் சாவகாசமாக எழுதினான். போகிறபோது, முத்துக் குளிக்கிற ஊர் ஆச்சே, முத்து கிடைக்குமா என்று கேட்டானாம். முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ வருஷம். இருந்தாலும் முதலாளி வீட்டுக்கு ஆள் விட்டு ஒரு முத்தை எடுத்துவரச் சொல்லி அவன் கையில் வைத்தார். அதை எந்தச் சரக்கில் சேர்த்தானோ, அதற்கு அவன் ஊரில் வரி கட்டினானோ இல்லையோ.

கார் போனதும் முதலாளி திரும்பி வந்தார். துண்டு தோளுக்கு வந்திருந்தது. அக்காவைப் பார்த்து, "நாளைக்கு வராத" என்றார்.

"மொதலாளி, அவ அப்படிச் சொன்னது ஒங்களுக்காவத்தான்..." என்றாள் கடற்கரைத் தெருக்காரி.

"நீயும் போறியா?"

அவளுக்கும் நாலு பிள்ளை. வாயை மூடிக்கொண்டாள். எந்த நேரமும் பேசுகிறவள் மூடினது அப்போதுதான். குமாஸ்தா செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சாக்குக்குப் பின்னாலேயே நின்றேன். நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் என் வேலையும் போயிருக்கும், வீட்டில் உலை வைக்க வழி இல்லாமல் போயிருக்கும். அக்காவே கண்ணால் என்னைப் பேசாதே என்று அமர்த்திவிட்டாள்.

சில மாசம் நானும் மற்றவர்களும் பிரித்தோம். அதற்கப்புறம் ஒருநாள் முதலாளி வந்து, இலை இனிமேல் பிரிக்காமல்தான் போகும், பெண்ணாட்கள் வேண்டாம் என்றார். "ஐரோப்பாவுல சட்டம் மாறிட்டு, நான் என்ன செய்ய?" என்றார். மழை பெய்துவிட்டது, நான் என்ன செய்ய என்கிற மாதிரி. அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. எங்கள் கூலி அவருக்கு மிச்சம். ஊரெல்லாம், ஐரோப்பாவிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தவர் தன் கிட்டங்கியை மெச்சி எழுதியிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த ஆள் படத்தை அனுப்பிவைத்திருந்தான். தலையில் இலையும் கையில் சுளவுமாகத் தரையில் உட்கார்ந்திருக்கிற படம். வெட்கம் இல்லாமல் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டிவைத்தார். சுதந்திரம் வந்த அன்றைக்கு அதற்கும் ஒரு மாலை போட்டிருந்ததைத் தெருவில் போகும்போது நானே பார்த்தேன்.

அக்கா தன் வேலை போனதுமே உப்பளத்துக்குப் போய்விட்டாள். நெற்றியில் ஈரத்துணி கட்டி, அதைக் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு போவாள். என் வேலையும் போனதும் நானும் அவளோடு போனேன். பாத்தியில் அவளைக் குனியவிடாமல் நானே உப்பு வாருவேன், கங்காணி பார்த்தால் அவளும் வார வேண்டும். முதலில் வலது கண் போச்சு. இடது கண்ணில் ஆள் நிழலாக மட்டும் தெரியும். எனக்குக் கோபம் வந்து அந்த வெள்ளைக்காரனையும் முதலாளியையும் சபித்துக்கொண்டு வருவேன். அவள் சொல்லுவாள்: "விடுளா சவத்தை. அவன் ஊரு மெஷினுக்குக் கண்ணு வலிக்காதுல்லா, அதான்." சொல்லிவிட்டுச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

இப்போது எதிர்வீட்டுப் பெண்ணும் அவள் கூட்டாளிகளும் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அதே சட்டத்தை ஆராய்கிறார்கள். நல்ல பிள்ளைகள். அவர்களைச் சொல்லவில்லை. ஆனால் ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குத் தரையில் உட்கார்ந்து தும்முகிற மனுஷன்தான் கண்முன் வருகிறார், அதை மாற்ற முடியவில்லை.

இதில் எனக்கு நிச்சயமில்லாதவை பல உண்டு. எந்த வருஷம் என்று தெரியாது. சண்டை முடிந்து, சுதந்திரத்துக்கு முன்னால், அவ்வளவுதான். அவன் எந்த நாட்டுக்காரன் என்றும் தெரியாது. அந்த வரி நிஜமாகவே போட்டார்களா, இல்லை, கூலியை மிச்சம் பிடிக்க முதலாளி சொன்ன பொய்யா என்பதும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. குமாஸ்தாவிடம் கேட்டிருக்கலாம், கேட்க வாய் வரவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணே, உனக்கு அந்த ஊர்ப் புத்தகங்களெல்லாம் கிடைக்கும் என்கிறாயே, கொஞ்சம் தேடிப் பார். அவன் எழுதினது அகப்பட்டால், தூத்துக்குடிக் கிட்டங்கியில் ஒரு பெண் வேலை ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள் என்று அதில் இருக்கிறதா என்று பார். இருந்தால் அது சரியில்லை. அவள் காலையிலிருந்து விளக்கு வைக்கிறவரைக்கும் இலை பிரித்தாள். அங்கே யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் சொல்லி, அதை மாற்றச் சொல்.